‘வாங்க’ என்று யார் சொல்வது? விமான நிலையத்தில் பூர்வகுடி வரவேற்பு ஓவியம் வைக்கப் போகிறவர்களுக்கு

ஆஸ்திரேலியாவில் உள்ளாட்சிக் கவுன்சிலிலும் கட்டடக்கலை நிறுவனங்களிலும் வேலை பார்க்கும் நம்மவர்கள் நிறையப் பேர். அவர்களில் யாருக்காவது ஒரு நாள் இந்த ஃபைல் வந்து சேரும். "டெர்மினலைப் புதுப்பிக்கிறோம். வருகைக் கூடத்தில் பயணிகளை வரவேற்கிற மாதிரி ஓர் அபோரிஜினல் ஓவியம் வேண்டும். நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்."

எனக்கு வந்தது. நியூ சவுத் வேல்ஸின் உட்பகுதியில் கவுன்சில் நடத்தும் சின்ன விமான நிலையம் அது. பெட்டி வரும் பெல்ட்டுக்கு மேலே 9 மீட்டர் நீளத்தில் ஒரு வெறும் சுவர். ஐந்து மாதத்தில் முடித்துவிடலாம் என்று திட்டம் போட்டுக் கொடுத்தேன். பதினான்கு மாதம் ஆனது. தாமதத்தில் பாதிக்கு நானே காரணம். அந்தப் பாதியையாவது நீங்கள் தவிர்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. ஓவியரைத் தேடாதீர்கள், வீட்டுக்காரரைத் தேடுங்கள்

நான் முதல் நாளே இணையத்தில் ஓவியர்களைத் தேட ஆரம்பித்தேன். ஒருவருடைய வேலை மிகவும் பிடித்துப்போய் போன் செய்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அது என் ஊர் இல்லையே. அங்கே வருகிறவர்களை நான் எப்படி வரவேற்பது?"

எனக்கு உறைத்துவிட்டது. பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு அந்த வீட்டுக்கு வருகிறவர்களை நாம் "வாங்க, உள்ள வாங்க" என்போமா? இங்கே கூட்டங்களில் நடக்கும் இரண்டு சடங்குகளின் வேறுபாடும் இதுதான். 'அக்னாலெட்ஜ்மென்ட் ஆஃப் கன்ட்ரி', அதாவது இது யாருடைய மண் என்று சொல்லி மரியாதை செய்வதை, யார் வேண்டுமானாலும் சொல்லலாம், நானும் நீங்களும்கூட. 'வெல்கம் டு கன்ட்ரி', அதாவது அந்த மண்ணுக்கு வரவேற்பு, சொல்ல அந்த மண்ணின் வழிவழி உரிமையாளர்களுக்கும் அவர்கள் அனுமதித்தவர்களுக்கும் மட்டுமே உரிமை உண்டு. சுவரில் வரைகிற வரவேற்புக்கும் இதே விதிதான்.

ஆகவே முதல் வேலை, ஓடுபாதை யாருடைய மண்ணில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. தேசிய நேட்டிவ் டைட்டில் (பூர்வகுடி நில உரிமை) தீர்ப்பாயத்தின் பதிவேடுகளை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். உரிமை தீர்ப்பாகியிருக்கிறதா, கோரிக்கை நிலுவையில் இருக்கிறதா, எந்த அமைப்பு பொறுப்பு என்பது அதில் இருக்கும். விக்டோரியாவில் 2006-ஆம் ஆண்டுப் பாரம்பரியச் சட்டப்படி பதிவுபெற்ற அபோரிஜினல் அமைப்புகள் இருக்கின்றன. நியூ சவுத் வேல்ஸில் 1983 சட்டப்படி அமைந்த உள்ளூர் அபோரிஜினல் நில கவுன்சிலின் கதவைத் தட்ட வேண்டும்.

இங்கே கால் வழுக்கும் இடங்கள் மூன்று.

நில கவுன்சிலில் அந்தப் பகுதியில் வசிக்கும் பிற ஊர்ப் பூர்வகுடியினரும் உறுப்பினராக இருக்கலாம். அவர்கள் சம்மதம் கொடுத்துவிட்டார்கள் என்பதற்காக, வழிவழி உரிமையாளர்களைத் தனியே பார்க்காமல் விட்டுவிடாதீர்கள்.

எந்தப் பூர்வகுடி மக்கள் எந்தப் பகுதி என்று காட்டும், அயாட்சிஸ் என்ற பூர்வகுடி ஆய்வு நிறுவனத்தின் வண்ண நிலப்படத்தை எல்லாரும் அறைச் சுவரில் மாட்டியிருப்பார்கள். அழகான படம்தான். நில உரிமை விஷயங்களுக்குப் பயன்படுத்தாதீர்கள் என்று அந்தப் படத்திலேயே எழுதியிருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் அந்தப் படத்தை வைத்தே ஊர்ப்பெயரை முடிவு செய்து அறிக்கையில் போட்டிருந்தார்கள். அதைத் திருத்த ஒரு கவுன்சில் கூட்டம் வீணானது.

மூன்றாவது, ஒரே இடத்துக்கு இரண்டு குழுவினர் உரிமை சொல்வது. நடுவராக நீங்கள் உட்காராதீர்கள். இருவருக்கும் ஒரே நாளில், ஒரே வாசகத்தோடு கடிதம் அனுப்புங்கள். முடிவை அவர்கள் பேசிச் சொல்லட்டும். அதற்கு ஆகும் காலம் ஆகட்டும். எங்களுக்கு ஒன்பது வாரம்.

2. சுவரின் ஜாதகம்

ஓவியர் வருவதற்கு முன்பே சுவரைப் பற்றிய காகிதங்கள் உங்கள் கையில் இருக்க வேண்டும். வரைந்து முடித்த பிறகு பொறியாளர் வந்து "இதை இங்கே மாட்ட முடியாது" என்று சொன்னால் ஓவியர் முகத்தில் எப்படி விழிப்பது?

யாருடைய கட்டடம்? ஊர்ப்புற நிலையங்கள் பெரும்பாலும் கவுன்சிலுடையவை. சிட்னி, மெல்பர்ன் போன்ற பெரிய நிலையங்கள் கூட்டாட்சி அரசு குத்தகைக்கு விட்டவை. அங்கே கட்டட அனுமதி தருவது விமான நிலையக் கட்டடக் கட்டுப்பாட்டாளர். கவுன்சிலுக்கு அங்கே வேலையில்லை.

உள்சுவர் என்றால் தீப்பாதுகாப்பு. பொதுமக்கள் கூடும் இடத்துச் சுவரில் ஒட்டும் பலகைக்கும் துணிக்கும் கட்டட விதித்தொகுப்பில் தர வகை உண்டு. பொருளின் சோதனைச் சான்றிதழை விற்பவரிடம் முதலிலேயே கேட்டு வாங்குங்கள். கண்ணாடியில் ஒட்டும் ஃபிலிம் என்றால், பார்வை குறைந்தவர்கள் மோதிக்கொள்ளாமல் இருக்கத் தரையிலிருந்து 900 முதல் 1000 மில்லிமீட்டர் உயரத்துக்குள் கீழ்விளிம்பு அமையும்படி, குறைந்தது 75 மில்லிமீட்டர் அகலத்தில் மாறுபட்ட நிறப் பட்டை வேண்டும். ஓவியத்துக்குள்ளேயே அது அமைந்துவிட்டால் நல்லது. அமையாவிட்டால், எல்லாம் முடிந்த பிறகு யாராவது நடுவே ஒரு சாம்பல் நிறப் பட்டையை ஒட்டிவிட்டுப் போவார்கள்.

வெளியே சிற்பம் என்றால் வேறு கவலை. ஓடுபாதையைச் சுற்றி உயரக் கட்டுப்பாடு இருக்கிறது. சிற்பம் குள்ளமாக இருந்தாலும் அதைத் தூக்கி வைக்கும் கிரேன் உயரமானது. அதற்கும் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். பளபளக்கும் எஃகும் மேல்நோக்கிய விளக்கும் விமானியின் கண்ணைக் கூசவைக்குமா என்று நிலையத்தின் செயல்பாட்டு மேலாளரிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

தரையில் கம்பளமாகவோ ஓடாகவோ போடலாமா என்று யாராவது கேட்பார்கள். எங்கள் கட்டடக்கலைஞர் கேட்டார். அந்தச் சமூகத்தின் மூத்தவர்களிடம் கேட்காமல் அந்தப் பக்கமே போகாதீர்கள். பூர்வகுடி ஓவியர்களின் படைப்புகளை அனுமதி இல்லாமல் கம்பளத்தில் நெய்து விற்றவர்கள்மேல் நடந்த வழக்கு 1994-இல் கூட்டாட்சி நீதிமன்றத்தில் தீர்ந்தது. புனிதமான உருவங்களை மிதித்து நடப்பார்களே என்பது அந்த வழக்கில் எழுந்த வேதனைகளில் ஒன்று. சில சமூகங்கள் சில வடிவங்களைத் தரைக்கு அனுமதிக்கும். சொல்ல வேண்டியது அவர்கள்.

3. மூத்தவர்களோடு உட்காருவது

இதைத்தான் நான் அவசரப்படுத்திக் கெடுத்தேன். ஆகவே கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

வரைபடமெல்லாம் தயார் செய்துகொண்டு போய் "பிடித்திருக்கிறதா?" என்று கேட்பதற்குப் பெயர் ஆலோசனை இல்லை. வெறும் கையோடு போங்கள். சுவரின் ஒரு புகைப்படம் போதும். "இங்கே இறங்குகிறவர்களுக்கு நீங்கள் என்ன சொல்ல விரும்புகிறீர்கள்?" என்பதுதான் கேள்வி. முதல் கூட்டத்தில் சுவரைப் பற்றிப் பேச்சே வராமல் போகலாம். எங்கள் முதல் கூட்டம் முழுக்க ஆற்றைப் பற்றித்தான் ஓடியது. எந்த வளைவில் மீன் கிடைத்தது, எப்போது தண்ணீர் வற்றியது என்று. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் சுவரில் வந்தது அந்த ஆறுதான்.

ஒரு சின்ன விஷயம். நமக்குக் கொஞ்சம் வயதான பெண்மணியைப் பார்த்தாலே 'ஆன்ட்டி' வாயில் வந்துவிடும். இங்கே ஆன்ட்டி, அங்கிள் என்பவை சமூகம் மூத்தவர்களுக்குக் கொடுக்கும் பட்டம். வயதானால் தானாக வந்துவிடாது, எல்லாரையும் அப்படிக் கூப்பிடவும் கூடாது. "உங்களை எப்படி அழைக்கட்டும்?" என்று கேட்டுவிடுங்கள்.

வருகிறவர்களின் நேரத்துக்குப் பணம் கொடுக்க வேண்டும். டீயும் சாண்ட்விச்சும் கூலி ஆகாது. அரை நாளுக்கு இவ்வளவு என்று முதலிலேயே சொல்லி, கூடிய சீக்கிரம் வங்கியில் போட்டுவிடுங்கள். இங்கே ஒரு காகிதச் சிக்கல் உண்டு. ஏபிஎன் என்னும் வணிகப் பதிவெண் இல்லாதவருக்கு நிறுவனம் பணம் கொடுத்தால் 47 சதவீதம் வரியாகப் பிடித்து வைக்கச் சொல்லும் விதி இருக்கிறது. வணிகமாகச் செய்யாதவர்கள் வரித்துறையின் 'ஸ்டேட்மென்ட் பை எ சப்ளையர்' படிவத்தில் உரிய காரணத்தைக் குறித்துக் கையெழுத்திட்டால் பிடிக்க வேண்டியதில்லை. இது எனக்குத் தெரியவில்லை. எழுபது தாண்டிய ஒரு பெரியவருக்கு, இரண்டு முறை வந்து பேசியதற்கு, பாதிப் பணம்தான் போய்ச் சேர்ந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான். படிவத்தை அச்செடுத்துப் பேனாவோடு கொண்டுபோங்கள்.

மொழிச் சொல் எழுதப்போகிறீர்கள் என்றால் எழுத்துக்கூட்டலை அன்றே பேசிவிடுங்கள். கமிலராய், கமிலரோய், கோமெரோய் என்று ஒரே மக்களின் பெயருக்கே பல எழுத்து வடிவங்கள் புழங்குகின்றன. ஒவ்வொன்றையும் விரும்பும் குடும்பங்கள் உண்டு. கமிலராயில் வணக்கத்துக்கு 'யாமா' என்பார்கள். அந்த ஒரு சொல்லைச் சுவரில் எழுதவும் மொழி அறிந்தவரின் ஒப்புதல் எழுத்தில் வேண்டும். இணைய அகராதியில் பார்த்து எழுதாதீர்கள்.

அப்புறம், சாவு. சமூகத்தில் ஓர் இழப்பு நேர்ந்தால் 'சாரி பிசினஸ்' என்று எல்லாம் நின்றுவிடும். ஒரு வாரமோ ஒரு மாதமோ. துக்க வீட்டில் போய்க் கையெழுத்துக் கேட்க மாட்டோம் அல்லவா? உங்கள் கால அட்டவணையில் இதற்கென்று இடைவெளி விட்டு, கட்டட ஒப்பந்தக்காரரிடமும் முன்பே சொல்லி வையுங்கள். எங்களுக்கு இரண்டு முறை நின்றது.

4. இப்போது ஓவியர்

சமூகமே ஒருவரைக் கைகாட்டினால் வேலை சுலபம். இல்லையென்றால் மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து, மூவருக்கும் பணம் கொடுத்து முதற்கட்ட வரைவு கேளுங்கள். நாங்கள் ஆளுக்கு 2,000 டாலர் கொடுத்தோம். 'இலவசமாக வரைந்து அனுப்புங்கள், பிடித்ததை எடுத்துக்கொள்கிறோம்' என்கிற போட்டி முறையை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நல்ல ஓவியர்கள் அதற்கு வருவதில்லை. தேராத வரைவு ஓவியருக்கே சொந்தம். அதைப் பிறகு வேறு எதற்கும் எடுத்தாளக் கூடாது.

நவா எனப்படும் காட்சிக் கலைஞர் சங்கத்தின் நடைமுறைக் கையேட்டில் கட்டணப் பரிந்துரைகள் இருக்கின்றன. நிதிப் பிரிவில் "ஏன் இவ்வளவு?" என்று கேட்டால் அதைக் காட்டலாம். கேலரி, டீலர் வழியாகப் போகிறீர்கள் என்றால், இண்டிஜினஸ் ஆர்ட் கோட் என்ற விருப்ப நெறிமுறையில் அவர்கள் கையெழுத்திட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பூர்வகுடியினரின் நிறுவனங்களைப் பதிவு செய்யும் சப்ளை நேஷன் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று கொள்முதல் பிரிவு கேட்கும். ஒரு நிறுவனம் யாருடையது என்பதை அந்தப் பட்டியல் சொல்லும். இந்த ஊரின் கதையைச் சொல்ல அவருக்கு அனுமதி உண்டா என்பதைச் சொல்லாது. அதற்குச் சமூகத்தின் கடிதம் வேண்டும். ஓவியரிடமே போய் "நீங்கள் பூர்வகுடிதானா, அத்தாட்சி இருக்கிறதா?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடாதீர்கள்.

நீங்கள் எழுதிக் கொடுக்கும் பணிக்குறிப்பில் 'புள்ளி ஓவியம்' என்ற சொல்லே வரக் கூடாது. மேலதிகாரிகள் பத்துப் பேரில் எட்டுப் பேர் மனதில் இருப்பது அதுதான். நமக்கும் அப்படித்தான். கான்வாஸில் நாம் பார்த்துப் பழகிய அந்தப் புள்ளிகள் மேற்குப் பாலைவனத்திலிருந்து, 1970-களின் தொடக்கத்தில் பப்புன்யா என்ற ஊரிலிருந்து கிளம்பியவை. தென்கிழக்கின் மரபு வேறு. மரத்தில் செதுக்கிய கோடுகள், போசம் என்னும் சிறு விலங்கின் தோல் போர்வையில் கீறிய வடிவங்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லிப் பகுதியில் வரையும் வான்ஜினா என்னும் புனித உருவத்தை அதற்கு உரிய மக்கள் மட்டுமே வரையலாம். நியூ சவுத் வேல்ஸ் விமான நிலையத்தில் அதைக் கேட்பது, தஞ்சாவூரில் நின்றுகொண்டு 'தமிழ்நாட்டு ஸ்டைலில் மதுபனி போடுங்கள்' என்று கேட்பது போல.

5. ஒப்பந்தம்

கவுன்சிலின் வழக்கமான கொள்முதல் ஒப்பந்தத்தை எடுத்து நீட்டாதீர்கள். 'உருவாக்கப்படும் அனைத்து அறிவுச் சொத்தும் கவுன்சிலுக்கே' என்ற வரி அதில் கட்டாயம் இருக்கும். அதை அடித்தால்தான் பேச்சே ஆரம்பிக்கும். பொதுக்கலைக்கு ஆர்ட்ஸ் லா சென்டரின் மாதிரி ஒப்பந்தங்கள் உண்டு. அவர்களுடைய 'ஆர்ட்டிஸ்ட்ஸ் இன் த பிளாக்' பிரிவு பூர்வகுடிக் கலைஞர்களுக்குச் சட்ட உதவி செய்கிறது. ஓவியரை அங்கே போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கான நேரத்தையும் கொடுங்கள்.

கண்டிப்பாக இருக்க வேண்டியவை இவை.

பதிப்புரிமை ஓவியருக்கு. கதை, சின்னம், மொழி ஆகியவற்றின்மேல் சமூகத்துக்குள்ள உரிமை சமூகத்துக்கு. இதை ஐசிஐபி என்று சுருக்கிச் சொல்கிறார்கள். 1968-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் தனி ஓவியரைத்தான் காக்கும், சமூகத்தைக் காக்காது. இதற்கெனத் தனிச் சட்டம் கொண்டுவருவதாக 2023-இல் கூட்டாட்சி அரசு தன் பண்பாட்டுக் கொள்கையில் சொன்னது. உங்கள் சுவர் அதற்காகக் காத்திருக்க முடியாது. ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். வாசகத்துக்கு, கூட்டாட்சி அரசின் கலை அமைப்பான கிரியேட்டிவ் ஆஸ்திரேலியா இலவசமாக வெளியிட்டிருக்கும் நெறிமுறை நூலின் பத்துக் கோட்பாடுகளைப் பார்க்கலாம்.

விமான நிலையம் அந்தப் படத்தை எங்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். இணையதளம், ஆண்டறிக்கை, அவ்வளவுதானா? குவளை, பை, காந்த வில்லை வேண்டுமென்றால் தனி அனுமதி, தனிப் பணம். எங்கள் விளம்பரப் பிரிவு யாரையும் கேட்காமல் ஆற்றின் வளைவை மட்டும் வெட்டி, திருப்பிப் போட்டு, காப்பிக் கப்பின் உறையில் அச்சடித்துவிட்டது. நல்ல எண்ணத்தில்தான். ஆறு தலைகீழாக ஓடியது. இரண்டு பெட்டி உறைகளையும் காரில் ஏற்றிக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்டது நான்.

பயணிகள் செல்ஃபி எடுப்பது பற்றியும் ஒரு வரி வேண்டும். பொது இடத்தில் நிலையாக வைத்த சிற்பத்தைப் படமெடுக்கச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. சுவரோவியத்துக்கு அந்த விலக்கு இல்லை. ஆகவே பயணிகளின் சொந்தப் படங்களுக்கு ஓவியர் சம்மதிக்கிறார் என்று எழுதி, விளம்பரப் படப்பிடிப்புக்கு அனுமதி தேவை என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

ஓவியரின் தார்மிக உரிமை தனி. பெயர் போட வேண்டும், சிதைக்கக் கூடாது. பின்னாளில் சுவரை இடிக்க வேண்டி வந்தால் முன்கூட்டியே அறிவித்துப் பேச வேண்டும். எத்தனை ஆண்டு இருக்கும், பிறகு யார் கழற்றுவது, யாரிடம் ஒப்படைப்பது என்று இப்போதே எழுதுங்கள். டெர்மினல்களை அடிக்கடி இடித்துக் கட்டுவார்கள்.

6. பணம்

எங்கள் செலவில் ஓவியரின் கட்டணம் மூன்றில் ஒரு பங்குதான். அச்சு, பலகை, பொறியாளர், இரவு வேலைக் கூலி, விளக்கு ஆகியவையே பெரும் பங்கை விழுங்கின. விளக்கை மறந்துவிடாதீர்கள். நான் மறந்தேன். இருட்டில் ஓவியம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

மொத்தம் 2,50,000 டாலரை எட்டினால் நியூ சவுத் வேல்ஸ் கவுன்சில்கள் டெண்டர் விட வேண்டும். ஓவியத்தைக் கட்டட வேலையோடு சேர்த்து ஒரே டெண்டரில் போடுவது அடிக்கடி நடக்கும் தப்பு. அப்போது ஓவியர் துணை ஒப்பந்தக்காரரின் துணை ஒப்பந்தக்காரர் ஆகிவிடுவார். பணம் கடைசியில் வரும், பேச்சு யாரிடமும் எடுபடாது. தனியாகப் பிரித்துவிடுங்கள்.

ஆண்டு வரவு 75,000 டாலருக்குக் குறைந்த ஓவியர்கள் ஜிஎஸ்டி பதிவு செய்யத் தேவையில்லை. பதிவு செய்திருந்தால் 10 சதவீதம் கூடும். இரண்டுக்கும் இடம் விட்டு வையுங்கள். பொதுப் பொறுப்புக் காப்பீடு 2 கோடி டாலருக்கு வேண்டும் என்று நிலையம் கேட்கும். தனி ஓவியருக்கு அது சுமை. கவுன்சிலின் காப்பீட்டுக்குள் அவரைக் கொண்டுவர முடியுமா என்று காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். எங்களுக்கு முடிந்தது, ஆறு மின்னஞ்சலுக்குப் பிறகு.

கையெழுத்தான அன்றே ஒரு பங்கு கொடுத்துவிடுங்கள். சாயமும் பலகையும் கடனுக்குக் கிடைக்காது. முப்பது நாள் இன்வாய்ஸ் விதியை ஓவியருக்குத் தளர்த்த நிதிப் பிரிவிடம் முன்பே பேசி வையுங்கள்.

7. மாட்டுகிற இரவு

கடைசி விமானம் வந்து, பெட்டிகள் போன பிறகுதான் சுவர் கிடைக்கும். காலை முதல் விமானத்துக்கு முன் ஏணியெல்லாம் போய்விட வேண்டும். ஐந்து இரவு கேளுங்கள். நான் மூன்று கேட்டேன்.

ஓடுபாதைப் பக்கம் கதவு திறக்கும் இடமென்றால் பாதுகாப்பு அட்டை வேண்டும். ஏசிக் கார்டு பின்னணிச் சோதனை முடிந்து வர வாரக்கணக்கில் ஆகும். பழைய வழக்குப் பதிவு இருந்தால் மறுக்கவும்படலாம். எங்களுக்கு அது தேவைப்படவில்லை, விசிட்டர் அட்டை போதுமானது. ஆனால் ஒரு நிலையத்தில் பன்னிரண்டு மாதத்தில் 28 நாள்தான் அது செல்லும், கூடவே ஏசிக் வைத்திருப்பவர் ஒருவர் நிற்க வேண்டும். அந்த ஆளின் இரவுச் சம்பளமும் உங்கள் கணக்கில்தான் வரும். சோதனைச் சாவடி தாண்டிய இடமென்றால் கத்தி, பிளேடு, திருப்புளி உட்பட ஒவ்வொரு கருவியையும் எண்ணி உள்ளே விட்டு, எண்ணி வெளியே எடுப்பார்கள். பட்டியலை முதல் நாளே கொடுத்துவிடுங்கள்.

8. திறப்பு

தேதியில் கவனம். ஜனவரி 26 வேண்டவே வேண்டாம். பூர்வகுடியினர் பலருக்கு அது துக்க நாள். மே 27 முதல் ஜூன் 3 வரை நல்லிணக்க வாரம், ஜூலை முதல் ஞாயிறு தொடங்கி, பூர்வகுடிப் பண்பாட்டைக் கொண்டாடும் நைடாக் வாரம். பொருத்தமான நாட்கள்தான், ஆனால் அப்போது ஊரே மூத்தவர்களைக் கூப்பிடும். மூன்று மாதம் முன்பே கேட்டால்தான் உண்டு.

புகைச் சடங்கு வைப்பார்கள். யூக்கலிப்டஸ் இலைப் புகை, நம் சாம்பிராணி போல அடர்த்தியாக எழும். டெர்மினலுக்குள் வைத்தால் தீயுணர்கருவி அலறி, தீயணைப்பு வண்டி வந்து, அதற்கொரு பில்லும் வரும். வாசலுக்கு வெளியே வையுங்கள். தானியங்கிக் கதவு வழியாகவும் குளிர்பதனக் காற்றிழுப்பு வழியாகவும் புகை உள்ளே வரும், அந்த நேரத்துக்கு இரண்டையும் நிறுத்தச் சொல்லுங்கள். முழுத் தீத்தடை நாளாக இருந்தால் என்ன செய்வது என்பதையும் நடத்துபவரிடமே பேசிவிடுங்கள்.

9. மாட்டிய பிறகு

துப்புரவு ஒப்பந்தக்காரருக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுங்கள். எந்தத் துணி, எந்தத் திரவம், எதைத் தொடவே கூடாது. விளம்பரத் திரை மாட்டுகிறவர்கள் ஆறே மாதத்தில் வருவார்கள். ஓவியத்தைச் சுற்றி ஒன்றரை மீட்டர் எதுவும் வரக் கூடாது என்று கட்டட வரைபடத்திலேயே கோடு போட்டு வைத்திருந்தால் பிழைத்தீர்கள்.

பெயர்ப் பலகையைக் கழற்றி மாட்டக்கூடியதாகச் செய்யுங்கள். ஓவியரோ பலகையில் பெயருள்ள மூத்தவரோ இறந்துபோனால், சில குடும்பங்கள் கொஞ்ச காலத்துக்குப் பெயரையும் படத்தையும் மறைத்து வைக்கச் சொல்வார்கள். சில குடும்பங்கள் அப்படியே இருக்கட்டும் என்பார்கள். யாரைக் கேட்பது என்று கோப்பில் ஒரு பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை அந்த எண்ணுக்கு அடித்து, இன்னும் அவர்தான் எடுக்கிறாரா என்று பாருங்கள். நான் போன மாதம் அடித்தேன். எண் மாறிவிட்டிருந்தது.